பியட் வந்த வழி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இசையும் சமயமும் பேசுவதும் வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எங்கள் இல்லம் தேடி வந்து, "உங்கள் குடும்பத்தார் சார்பில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசவேண்டும்" என்று கேட்டபோது, ஒரு மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச இசைந்தோம். இது என்ன பொருத்தம் என்று சிலர் எண்ணக்கூடும். மண்டபத்தின் வாயிலில், மாக்கோலத்திற்கு அருகே, சாம்பல் நிறப் பழைய பியட் ஒன்று நிற்பதை உள்ளே வரும்போது கண்டிருப்பீர்கள். இன்னும் பத்து நாட்களில் அது மயூர் விஹாரை விட்டுப் போகின்றது. விருந்தினர் விடைபெறும்போது அவர்தம் ஊரும் பேரும் சொல்லி அனுப்புவது நம்மவர் பண்பு அன்றோ? அப்பண்பு பற்றியே இவ்வுரை.

பியட்டின் பிறந்த ஊர் இத்தாலி நாட்டின் வடபால், போ ஆற்றங்கரையில் உள்ள டூரின் நகரம். அங்கே 1899-ஆம் ஆண்டில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலை தோன்றியது. 'டூரின் இத்தாலிய மோட்டார்த் தொழிற்சாலை' என்னும் பொருள்தரும் இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'பியட்' என வரும். இலத்தீன் மொழியிலோ அச்சொல்லுக்கு 'ஆகுக' என்று பொருள். நல்ல வாழ்த்தாகவே அப்பெயர் அமைந்துவிட்டது.

அத்தொழிற்சாலையில் பணிபுரிந்த பொறிஞருள் தலைசிறந்தவர் டாண்டே ஜியாகோசா. 1905-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். செல்வர்க்கு மட்டுமே உரியதாயிருந்த மோட்டார் வண்டியை ஆசிரியரும் எழுத்தரும் கடைக்காரரும் வாங்கத்தக்க பொருளாக்க வேண்டும் என்பதே அவர் வாழ்நாட் பணி. சுண்டெலி எனச் செல்லப்பெயர் பெற்ற சின்னஞ்சிறு 'டோபோலினோ' 1936-இல் அவர் கைவண்ணமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டில், ஒரு குடும்பம் முழுதும் அமர்ந்து செல்வதற்கேற்ற நடுத்தர வண்டி ஒன்று வந்தது. அதன் எஞ்சின் 1,089 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. ஆயிரத்து நூறு என்பதை இத்தாலியர் 'மில்லெச்செந்தோ' என்பர்; அதுவே வண்டியின் பெயராக நிலைத்தது.

பின்னர் உலகப்போர் வந்தது. நகரங்கள் குண்டுகளால் பாழாயின, மக்கள் வறுமையுற்றனர். அந்த இடிபாடுகளிலிருந்து இத்தாலி எழுந்து நின்ற காலத்தில், 1953-ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியில், அதே பெயரில் முற்றிலும் புதியதொரு வண்டி அறிமுகமாயிற்று. தொழிற்சாலைக் கணக்கில் அதன் எண் 103. பழைய வண்டிகளில் அடியில் கனத்த இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். அதன்மேல் கூடு பொருத்தப்படும். புதிய வண்டியில் தனிச் சட்டம் இல்லை. முட்டை ஓடு தன் வளைவினாலேயே வலிமை பெறுவது போல, வண்டியின் கூடே அதன் எலும்புக்கூடாகவும் அமைந்தது. ஆகவே எடை குறைந்தது. சிறிய எஞ்சினும் குடும்பத்தைச் சுமந்து மலையேறும் ஆற்றல் பெற்றது. கியர்க் கோலை ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலேயே வைத்ததால் முன்னிருக்கை நீண்ட பலகைபோல் அமைந்தது. இடையில் ஒரு குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம். முன் கதவுகள் அக்காலத்தில் பின்புறம் கீல் உடையனவாய், நம் வீட்டு அலமாரிக் கதவுகள் போல எதிர்ப்புறமாகத் திறந்தன. 1960-களின் தொடக்கத்தில்தான் அவை இன்றுள்ள முறைக்கு மாறின.

இனி, அவ்வண்டி நம் நாட்டிற்கு வந்த வழியைக் காண்போம்.

இந்தியாவில் மோட்டார் வண்டி செய்ய வேண்டும் என்று முதலில் விரிவாகத் திட்டம் வகுத்தவருள் ஒருவர் பொறிஞர் விசுவேசுவரையா. 1930-களில் அவர் அதற்காக அரும்பாடுபட்டார். அன்றைய ஆங்கில அரசு ஆதரவு நல்கவில்லை. அவ்வெண்ணத்தைக் கைவிடாமல் முன்னெடுத்தவர் சோலாப்பூரில் பிறந்த வால்சந்த் ஹீராசந்த். கப்பல் தொழிலில் வெள்ளையரோடு போட்டியிட்டவர். பெங்களூரில் விமானத் தொழிற்சாலைக்கும் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்திற்கும் கால்கோள் செய்தவர். அவர் 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பம்பாயின் குர்லாப் பகுதியில் எழுந்த அத்தொழிற்சாலை முதலில் அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனத்தின் வண்டிகளைப் பூட்டி விற்றது. பின்னர் பியட் நிறுவனத்தாரோடு உடன்பாடு கண்டது.

1953-இல் நம் அரசு ஒரு முக்கியமான கொள்கையை மேற்கொண்டது. வெளிநாட்டு உறுப்புக்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டுவது மட்டும் போதாது. படிப்படியாக எல்லா உறுப்புக்களையும் இங்கேயே செய்வதற்குத் திட்டம் உடையவர்க்கே இனி இடம் என்பதே அது. பெரும் அமெரிக்க நிறுவனங்கள் இரண்டும் கடையைக் கட்டிக்கொண்டு சென்றன. அடுத்த ஆண்டே, டூரினில் புதிதாகப் பிறந்த மில்லெச்செந்தோ குர்லாவிலும் பிறந்தது. எண்ணிப் பாருங்கள்! அன்றைய ஐரோப்பாவின் புத்தம் புதிய வண்டி, ஏறத்தாழ அதே காலத்தில் நம் சாலையிலும் ஓடிற்று. பழமையானதை நமக்குத் தள்ளிவிட்டார்கள் என்று இன்று சிலர் கூறுவர். தொடக்கத்தில் அவ்வாறு இல்லை.

அதன்பின் நாட்டில் மூன்று வண்டிகளே பெரிதும் விளங்கின. வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாஸடர், பம்பாயில் பியட், நம் சென்னைக்கருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1960-களின் தொடக்கத்தில் சென்னையை அடுத்த பாடியில் சக்கரங்களுக்கும் பிரேக்குகளுக்கும் மின்கருவிகளுக்கும் தனித்தனி ஆலைகள் எழுந்ததும் இம்மோட்டார்த் தொழிலின் வளர்ச்சியாலேயே. சென்னை இன்று பெரும் மோட்டார் நகரமாய் விளங்குவதற்கு வித்து அன்று ஊன்றப்பட்டது.

1964-இல் பியட்டின் புதிய வடிவம் '1100 டிலைட்' என்னும் பெயரால் வந்தது. இதன் மூலமான வண்டிக்கு இத்தாலியில் 1,221 கன சென்டிமீட்டர் எஞ்சின் வைத்தனர். நம் நாட்டிலோ பழைய 1,089-ஐயே வைத்துக்கொண்டோம். நான்கு உருளைகள், ஏறத்தாழ 40 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம். இன்று வாயிலில் நிற்பது இவ்வகை வண்டியே.

அவ்வாண்டில்தான் லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் பிரதமரானார். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று பிள்ளைகள் விரும்பினர். பியட்டின் விலை 12,000 ரூபாய். கையிருப்போ 7,000 ரூபாய். பிரதமராயிருந்தவர் பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் பெற்றுத்தான் வாங்கினார். 1966 ஜனவரி 11-இல் தாஷ்கண்டில் அவர் மறைந்தபோது அக்கடன் தீரவில்லை. அவருடைய துணைவியார் லலிதா சாஸ்திரி அம்மையார் தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அதனைக் கட்டித் தீர்த்தார். அவ்வண்டி புதுதில்லியில் சாஸ்திரி நினைவில்லத்தில் இன்றும் இருக்கிறது. நம் காலனியிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்க் கண்டு வரலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.

இனி எங்கள் வண்டியின் கதை. எங்கள் தந்தையார் 1956-இல் கும்பகோணத்திலிருந்து புறப்பட்டு, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து, மத்திய அரசில் எழுத்தராய்ச் சேர்ந்தவர். கரோல் பாக்கில் ஓர் அறையில் நால்வரோடு குடியிருந்தார். மணமாகிப் பின்னர் ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்புப் பெற்றார். 1965-இல் பியட்டுக்குப் பதிவு செய்தார். வண்டி கைக்கு வந்தது 1971-இல். ஆறு ஆண்டு! இன்றைய இளைஞர் நகைப்பர். அந்நாளில் தொழிற்சாலை ஆண்டுதோறும் செய்யத்தக்க எண்ணிக்கைக்கு அரசு வரம்பு கட்டியிருந்தது, அன்னியச் செலாவணி அருமையாயிருந்தது, கேட்பவரோ பலர். வண்டியின் விற்பனைக்கும் விலைக்கும் அரசின் கட்டுப்பாடு இருந்தது. பதிவு செய்தவர் காத்திருப்பதன்றி வேறு வழி இல்லை.

வண்டி வந்துவிட்டது என்று கடிதம் கிடைத்தபோது சேமிப்பில் குறை இருந்தது. எங்கள் தாயார் கையிலிருந்த நான்கு தங்க வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். அவற்றைத் திரும்பச் செய்து போடுவதாகத் தந்தையார் வாக்களித்தார். பிள்ளைகள் படிப்பு, தங்கைமார் திருமணம், மயூர் விஹாரில் கூட்டுறவு வீட்டுக்குத் தவணை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வளையல்கள் திரும்பவில்லை. அதைப்பற்றி எங்கள் தாயார் ஒரு சொல்லும் சொன்னதில்லை. "வளையலில் ஏறி மருத்துவமனைக்குப் போக முடியுமா?" என்று மட்டும் ஒருமுறை கூறினார்.

அது உண்மையே. 1986-இல் யமுனைக்கு இப்பால் நாங்கள் குடிவந்தபோது இப்பகுதியில் வீடுகள் இருந்தன, விளக்குகள் குறைவு, இரவு எட்டு மணிக்குமேல் பஸ் வருவது அரிது. மெட்ரோ ரயில் இவ்வழி வந்தது 2009-இல்தான். அந்நாட்களில் நள்ளிரவில் எவர் வீட்டில் எந்த இடர் நேர்ந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவர். குளிர்காலத்தில் சோக்கை முழுதும் இழுத்து, எஞ்சின் சூடேறும் மட்டும் பொறுத்திருந்து, மூடுபனியில் நிஜாமுதீன் பாலத்தைக் கடந்து தந்தையார் ஓட்டிச் சென்றதை நாங்கள் மறக்கவில்லை. அப்படிச் சென்ற ஓர் இரவில் பிறந்த பெண் குழந்தை, இன்று தம் மகனை மடியில் வைத்துக்கொண்டு இவ்வவையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்லவேண்டா, அவருக்கே தெரியும்.

பியட்டை நாங்கள் குறையற்றது என்று கூறமாட்டோம். தில்லிக் கோடையில் ரேடியேட்டர் கொதிக்கும். மழையில் பற்றவைக்கும் கருவி நனைந்து நின்றுவிடும். ஆனால் அதன் மூடியைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கார்புரேட்டரில் தூசி அடைத்தால் வாயால் ஊதிச் சரிசெய்யலாம். காஷ்மீரி கேட் கடைத்தெருவில் கிடைக்காத உறுப்பு இல்லை. தந்தையார் ஞாயிறுதோறும் தாமே பிரித்துப் பூட்டுவார். இயந்திரம் என்பது மந்திரம் அன்று, அறிந்துகொள்ளத்தக்க ஒன்று என்னும் பாடத்தை எங்களுக்கு அவ்வண்டியே கற்பித்தது.

இத்தாலியில் மில்லெச்செந்தோவின் உற்பத்தி 1969-இல் நின்றது. அதன் இடத்தில் முன்சக்கர ஓட்டமுடைய புதிய வண்டி வந்தது. இங்கோ அதே வண்டி தொடர்ந்தது. உடன்பாட்டுக் காலம் முடிந்தபின் பியட் என்னும் பெயர் நீங்கி, 'பிரீமியர் பிரசிடெண்ட்' ஆகி, 1974-இல் 'பிரீமியர் பத்மினி' ஆயிற்று. சித்தூர் அரசியின் பெயர் அது என்பர். நம்மவரோ நாட்டியப் பேரொளியை நினைத்துக்கொண்டு மகிழ்ந்தனர்! பெயர் மாறினும் மக்கள் நாவில் அது பியட்டாகவே இருந்தது. பம்பாயில் கறுப்பும் மஞ்சளும் பூசிய ஆயிரக்கணக்கான வாடகை வண்டிகளாய் அது ஓடிற்று.

இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டிய ஒன்று உள்ளது. 1954-இல் உலகின் புதுமைகளுள் ஒன்றாயிருந்த வண்டி, 1980-லும் பெரிதும் மாறாமல் நின்றதேன்? வாங்குவோர் வரிசையில் நிற்கும்போது விற்போர்க்குத் திருத்தவேண்டிய கட்டாயம் இல்லை. காத்திருக்கும் பொறுமை எங்கள் தந்தையார்க்குப் பெருமை. அவரைக் காத்திருக்க வைத்த முறை நாட்டிற்குப் பெருமை அன்று. 1983 டிசம்பர் 14-இல் தில்லிக்கு அருகே குர்காவுனில் மாருதி 800 வெளிவந்ததும் அவ்வரிசை கலையத் தொடங்கியது. பத்மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டை ஒட்டி முடிவுற்றது. பம்பாயில் கடைசியாக 2003-இல் பதிவான பத்மினி வாடகை வண்டிக்கு இருபதாண்டு வயது வரம்பு நிறைந்து, 2023 அக்டோபர் இறுதியோடு அவ்வண்டிகள் அந்நகர்ச் சாலையிலிருந்து விடைபெற்றன.

தில்லியிலோ வேறொரு காரணம் வந்தது. காற்று கெட்டது. 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் இங்கே ஓடலாகாது என்றது. 2018-இல் உச்சநீதிமன்றம் அக்கட்டளையை உறுதி செய்தது. 2025 ஜூலையில் அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் தரலாகாது என்று தொடங்கிச் சில நாட்களில் நிறுத்திவைத்தனர். அதன்பின்னும் ஆணைகள் மாறி வந்துள்ளன. நாங்கள் 2018 முதல் வண்டியைச் சாலையில் ஓட்டவில்லை. மாதம் ஒருமுறை மூடியைத் துடைத்து, சக்கரங்களுக்குக் காற்றடித்து வந்தோம்.

வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் தீபாவளி கழிந்த வாரங்களில் எங்கள் பேத்தி இரவெல்லாம் இருமுவதையும் கேட்டோம். பியட்டின் புகைக்குழாயில் புகையைத் தூய்மை செய்யும் கருவி எதுவும் கிடையாது. அது செய்யப்பட்ட காலம் அப்படி. எங்கள் பாசத்திற்காக மற்றவர் பிள்ளை மூச்சுத் திணறவேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லை.

ஆயினும் வண்டியை உடைத்துப் பழைய இரும்பாக்க மனம் வரவில்லை. ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி வகுத்துள்ளது. எங்கள் வண்டிக்கு அத்தகுதி உண்டு. கண்காட்சிக்கும் ஊர்வலத்திற்கும் ஆராய்ச்சிக்கும் அதனை ஓட்டலாம், அன்றாடம் ஓட்டலாகாது. அதைச் செய்யவே முதலில் எண்ணினோம். அப்போதுதான் இடப் பிரச்சினை எழுந்தது. எங்கள் கட்டடத்தில் வண்டி நிறுத்த இடம் இருபத்திரண்டு. இன்று வண்டிகளோ நாற்பது. மேல்வீட்டு இளந்தம்பதியர், முதிய தந்தையைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தெருமுனை வரை தள்ளிச் சென்று காரில் ஏற்றுகின்றனர். அவர்கள் எங்களிடம் வாய்திறந்து கேட்கவில்லை. கேளாமை எங்களுக்கு இன்னும் கடினமாயிருந்தது.

முடிவு எங்கள் தாயாருடையது. தந்தையார் 2009-இல் மறைந்தது முதல் சாவி அவருடைய பூஜை அலமாரியிலேயே இருந்தது. சென்ற குளிர்காலத்தில் அவரைச் சாஸ்திரி நினைவில்லத்திற்கு அழைத்துச் சென்றோம். அந்தப் பியட்டின் முன் நெடுநேரம் நின்றார். கடனைத் தீர்த்த கதையை நாங்கள் படித்துச் சொன்னோம். திரும்பும் வழியில், "அந்த வண்டி நாட்டுக்குச் சொந்தம், அது அங்கே நிற்கவேண்டியதுதான். நம்முடையது நின்று என்ன பயன்? உங்கள் அப்பா வாரந்தோறும் அதைப் பிரித்துப் பார்த்தார். பிரித்துப் பார்க்கிற கைகளில் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

ஆகவே தஞ்சை மாவட்டத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மோட்டார்ப் பிரிவு மாணவர்களுக்கு அதனை வழங்குகிறோம். தடையில்லாச் சான்று பெற்றாயிற்று, லாரியும் பேசியாயிற்று. கணினி கலந்த இன்றைய எஞ்சினின் மூடியைத் திறந்தால் மாணவர் கண்ணுக்குப் புலப்படாதவை பல. இதிலோ வால்வு ஏறி இறங்குவதையும், கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலப்பதையும், கியர்கள் ஒன்றையொன்று கவ்வுவதையும் அவர்கள் கண்ணால் காணலாம். கும்பகோணத்திலிருந்து வந்தவர் வாங்கிய வண்டி, கும்பகோணத்துக்கு அருகிலேயே பாடநூலாகப் போய்ச் சேர்கிறது.

அன்பர்களே! நம் குடும்பங்கள் தென்னாட்டிலிருந்து இங்கு வந்த கதைகள் நூல்களில் இல்லை. அவை பதிவுக் கடிதங்களிலும், தவணைச் சீட்டுக்களிலும், கழற்றிக் கொடுத்த வளையல்களிலும் உள்ளன. பெரியவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் தந்தையாரிடம் நாங்கள் கேளாமல் விட்ட செய்திகள் பல. இன்று அவற்றை எண்ணி வருந்துகிறோம்.

இறுதியாக ஒரு செய்தி. சாலையில் ஓட்டலாகாது என்ற கட்டளைக்குப் பணிந்து, இன்று பிற்பகல் வண்டியை இம்மண்டபம் வரை நம் சங்க இளைஞர் எண்மர் தள்ளிக்கொண்டே வந்தனர். உள்ளே முன்னிருக்கையில், தம் வழக்கமான இடத்தில், எங்கள் தாயார் அமர்ந்து வந்தார். "உங்கள் அப்பா இருந்திருந்தால் இரண்டாம் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்திருப்பார்" என்று வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார். விழா முடிந்ததும் குழந்தைகள் யாவரும் ஒருமுறை ஏறி அமர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கலாம். ஹாரன் இன்னும் நன்றாக ஒலிக்கிறது. அளவோடு அடிக்கவேண்டும் என்பது மட்டுமே எங்கள் வேண்டுகோள்.